“லென்ஸ் போயிடுச்சா?”: டிஸ்க் பிளேயர், ஹோம் தியேட்டர் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு காலத்தில் வாசல்வரை பிளேயர்கள் அடுக்கிக் கிடக்கும். இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று வந்தால் அதிகம். ஆனால் போனில் வரும் சந்தேகங்கள் மட்டும் குறையவே இல்லை. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

“பிளேயர் ‘நோ டிஸ்க்’னு காட்டுதுங்க. லென்ஸ் போயிடுச்சா?”

இருக்கலாம். ஆனால் அதை முதலில் சந்தேகப்படாதீர்கள். வேறு இரண்டு மூன்று டிஸ்க் போட்டுப் பாருங்கள்: கடையில் வாங்கிய ஒரிஜினல் ஒன்று, கம்ப்யூட்டரில் எழுதியது ஒன்று. ஒரிஜினல் ஓடி, எழுதியது மட்டும் ஓடாவிட்டால் லென்ஸில் தூசி படிந்திருக்கலாம், இல்லை லேசர் கொஞ்சம் களைத்திருக்கலாம். எழுதிய டிஸ்க் ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும்; அதனால் பலவீனம் அங்கேதான் முதலில் தெரியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பாருங்கள். இந்த ‘மாற்றிப் பார்ப்பது’ கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

தூசி என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றுங்கள். துவரம்பருப்பு அளவுக்கு நீலச் சாயலோடு ஒரு கண்ணாடி தெரியும். செல்போன் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் லேசாக நனைத்து, அழுத்தாமல் துடையுங்கள். அந்த லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் அதோடு சரி. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், லென்ஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் மங்கிவிடும். மூடி திறந்திருக்கும்போது செட்டை ஆன் செய்து லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது. சிடி லேசரின் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

“சிடி பாடுது, எம்பி3 பாடுது. டிவிடி மட்டும் எடுக்க மாட்டேங்குது. ஒரே லென்ஸ்தானே?”

லென்ஸ் ஒன்றுதான், லேசர் இரண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. புளூரே பிளேயர் என்றால் மூன்றாவதாக 405 நானோமீட்டரில் ஊதா நிறத்தில் இன்னொன்று. ஒன்று செத்தாலும் மற்றது வேலை செய்யும். துடைத்த பிறகும் ஒரு வகை மட்டும் ஓடவில்லை என்றால் இப்போது தாராளமாக ‘லென்ஸ் போச்சு’ என்று சொல்லலாம். லென்ஸ், லேசர் எல்லாம் சேர்ந்த பிக்கப்பை மாற்ற வேண்டியதுதான்.

சில இடங்களில் பிக்கப்பில் இருக்கும் சின்ன வேரியபிளை (திருகிக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர்) திருப்பி ‘சரி பண்ணி’க் கொடுப்பார்கள். லேசருக்கு மின்னோட்டத்தைக் கூட்டிவிடும் வேலை அது. கொஞ்ச நாள் ஜோராக ஓடும், அப்புறம் ஒரேயடியாகப் படுக்கும். நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை.

“கீறல் விழுந்த டிஸ்க்கை டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?”

கடைசி முயற்சியாகச் செய்யலாம், அதுவும் சிடி, டிவிடிக்கு மட்டும். அடிப்பக்கத்தில் லேசான கீறல் என்றால் பேஸ்ட் அதன் விளிம்பை மழுக்கும், லேசர் தாண்டிப் போய்விடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் புதுக்கீறல் டிராக்கின் போக்கிலேயே விழும், அதைத் தாண்டிப் படிக்க பிளேயருக்குக் கஷ்டம். புளூரேயில் பேஸ்ட் கூடாது. அதில் தகவல் அடிப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது.

சிடிக்கு ஆபத்து மேல்பக்கத்தில். பெயர் அச்சடித்திருக்கும் பக்கத்துக்கு நேர் கீழேதான் பாட்டு இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறி, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரிகிறது என்றால் எந்தப் பேஸ்ட்டும் உதவாது.

“ட்ரே வெளிய வரல. உள்ள ‘கிர்ர்’னு சத்தம் மட்டும் கேக்குது.”

பெல்ட். ட்ரேயைத் தள்ளும் மோட்டாருக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் மோதிர அளவில் ஒரு ரப்பர் பெல்ட் இருக்கும். வருஷக்கணக்கில் இழுபட்டுத் தொளதொளத்து வழுக்குகிறது. அவசரத்துக்கு மூடியைத் திறந்து சக்கரத்தைக் கையால் திருப்பினால் ட்ரே வந்துவிடும். அதே அளவு பெல்ட் கிடைக்கும்வரை பழையதை ஆல்கஹாலில் துடைத்துப் போட்டால் சில வாரம் ஓடும். கத்தியால் நெம்பாதீர்கள்.

“திடீர்னு படம் கறுப்பு வெள்ளையா வருது. சில டிவில ரெண்டு ரெண்டா தெரியுது.”

ரிமோட்டில் கை பட்டிருக்கிறது. பழைய பிளேயர்களில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு டிவி முறைகளுக்கிடையே மாற்றும் பட்டன் ஒன்றும், படத்தின் எல்லா வரிகளையும் ஒரே தரத்தில் அனுப்பும் புரோகிரசிவ் ஸ்கேனுக்கு ஒன்றும் இருக்கும். நம் ஊர்ப் பழைய டிவிகள் 625 வரி பால் முறைக்காகச் செய்தவை. 525 வரி என்டிஎஸ்சியில் அனுப்பினால் சில பழைய டிவிகள் நிறத்தை விட்டுவிடும். புரோகிரசிவ் ஆகிவிட்டால் பெட்டி டிவியில் படம் உடையும், இரண்டாகும், அல்லது ஒன்றுமே வராது. மெனுவே தெரியவில்லையே, எப்படி மாற்றுவது? டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்தப் பட்டனையே மறுபடி ஒவ்வொரு தரமாக அழுத்தி, நாலைந்து விநாடி காத்திருந்து பாருங்கள்.

“சிங்கப்பூர்ல இருந்து மாமா கொண்டு வந்த டிஸ்க். ‘ராங் ரீஜன்’னு வருது. பிளேயர் ரிப்பேரா?”

ரெண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. டிவிடியில் உலகத்தைப் பல மண்டலங்களாகப் பிரித்துப் பூட்டு வைத்தார்கள். இந்தியா 5, சிங்கப்பூர் 3, ஐரோப்பா 2, அமெரிக்கா 1. புளூரேயில் எழுத்து: நமக்கு சி, சிங்கப்பூருக்கு ஏ, ஐரோப்பாவுக்கு பி. 4கே புளூரேயில் இந்தத் தொல்லை இல்லை. பல டிவிடி பிளேயர்களில் ரிமோட்டில் எண்களை அழுத்தியே பூட்டை எடுத்துவிடலாம், மாடலுக்கு மாடல் எண் மாறும். வெளிநாட்டில் விற்ற தமிழ்ப் பட டிவிடிகளில் நான் பார்த்த பலவற்றுக்குப் பூட்டே இல்லை. அந்தந்த ஊர் இங்கிலீஷ் பட டிஸ்க்குகளில்தான் சிக்கல் வரும்.

“டிவில படம் வருது, சத்தமும் டிவிலயே வருது. ஹோம் தியேட்டர் ஊமையா உக்காந்திருக்கு.”

எச்டிஎம்ஐ ஒயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். டிவியில் ஒரே ஒரு ஓட்டையில்தான் ‘ஏஆர்சி’ என்று சின்னதாக எழுதியிருக்கும். டிவியின் சத்தம் திரும்பி வருவது அது வழியாக மட்டுமே. ஹோம் தியேட்டர் பக்கத்திலும் அதே எழுத்துள்ள ஓட்டை வேண்டும். பிறகு டிவி செட்டிங்கில் சிஇசியை ஆன் செய்யுங்கள், எச்டிஎம்ஐ ஒயர் வழியாகச் செட்டுகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி அது. அந்தப் பெயரில் அது இருக்காது, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: அனிநெட், சிம்ப்ளிங்க், பிராவியா சிங்க்.

ஏஆர்சி 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. உங்கள் செட் அதற்கு முந்தியது என்றால் ஆப்டிகல் ஒயர்தான் வழி. புது ஆப்டிகல் ஒயரின் இரண்டு முனையிலும் கண்ணாடி மாதிரி ஒரு குட்டி பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைக் கழற்றாமலே சொருகிவிட்டு ‘சத்தம் வரல’ என்று போன் செய்தவர்கள் பட்டியல் என்னிடம் நீளமாக இருக்கிறது. முனையில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். அதன் பிறகும் வராவிட்டால் டிவியின் ஆடியோ அவுட்டைப் ‘பிசிஎம்’ (சுருக்காத சாதாரணச் சத்தம்) என்று மாற்றுங்கள்.

“அஞ்சு ஸ்பீக்கர் மாட்டினேன். பின்னாடி ரெண்டும் பாடவே இல்லை.”

முதலில் செட்டிங்கில் ‘டெஸ்ட் டோன்’ போடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கராக ‘ஷ்ஷ்’ என்று சுற்றிவரும். பின்னாடியும் கேட்டால் ரிப்பேர் இல்லை. நீங்கள் போட்டது இரண்டு சேனல் சத்தம். கேபிள் சேனல்களில் பல, பழைய பாட்டு சிடிகள், விசிடி எல்லாம் இரண்டுதான். புரோலாஜிக் ஆன் செய்தால் அதையே பிரித்துப் பின்னாடியும் கொடுக்கும். நிஜமான 5.1 (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப் ஊஃபருக்கும் தனித்தனிச் சத்தம்) படத்திலும் பின் ஸ்பீக்கர் சும்மா இருக்கும் நேரம்தான் அதிகம். மழை, கூட்டம், ஹெலிகாப்டர் என்று வரும்போது எழுந்துகொள்ளும்.

டெஸ்ட் டோனிலும் ஊமை என்றால் ‘மாற்றிப் பார்ப்பது’தான். பின் ஸ்பீக்கரை முன் சாக்கெட்டில் போடுங்கள். பாடினால் ஸ்பீக்கர் நல்லது, ஒயரைத் தடவிக்கொண்டே போங்கள். மேஜைக்கு அடியில் எலி கடித்த இடம் தட்டுப்படும்.

“பாட்டு, பேக்ரவுண்டு எல்லாம் கேக்குது. ஆளுங்க பேசறது மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வருது.”

எனக்குப் பிடித்த கோளாறு இது. ஒருவர் முழு செட்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஏற்கனவே ஓரிடத்தில் போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பெஞ்சில் வைத்துப் போட்டால் பாடகரே இல்லை. வயலினும் எக்கோவும் மட்டும் மிதக்கின்றன. பின்னாலிருந்த 3.5 மில்லிமீட்டர் பின்னை விரலால் அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளினேன், ‘டக்’ என்றது. பாடகர் வந்துவிட்டார். பின் சரியாக உட்காராமல் பொதுவான கிரவுண்டு மட்டும் விட்டுப்போனால் இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்பீக்கருக்குப் போகும். குரல் இரண்டிலும் ஒரே அளவில் இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

பின் சரியாக இருந்தால் அடுத்தது சென்டர் ஸ்பீக்கர். 5.1 படத்தில் வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும். சென்டரை மாட்டாமலே செட்டிங்கில் ‘இருக்கிறது’ என்று விட்டிருந்தால் வசனம் காற்றில் போகும். இல்லை என்று மாற்றினால் முன் இரண்டிலும் பிரித்துக் கொடுத்துவிடும். வசனம் கேட்கிறது, ஆனால் சண்டை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார் என்றால் ‘நைட் மோட்’ அல்லது ‘டிஆர்சி’ போடுங்கள். பெரிய சத்தத்தை அடக்கி, சின்ன சத்தத்தைத் தூக்கும்.

“சப் ஊஃபர்ல எப்பவும் ‘உம்ம்ம்’னு ஒரு சத்தம். பாட்டே போடாட்டியும் வருது.”

எல்லா இன்புட் ஒயரையும் பிடுங்குங்கள். அப்போதும் வந்தால் கோளாறு ஆம்ப்புக்குள், பெரும்பாலும் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். அசெம்பிள் செட்டாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே ப்ரீஆம்ப் (சின்ன சிக்னலை முதலில் பெரிதாக்கும்) போர்டை வைத்திருப்பார்கள், அதுவும் காரணம். நின்றுவிட்டால் ஒவ்வொரு ஒயராகத் திரும்பச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது வருகிறதோ அதுதான் ஆள்.

பெரும்பாலும் ஆள் செட்டாப் பாக்ஸ். அதன் பின்னால் திருகியிருக்கும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றுங்கள். ‘உம்’ டக்கென்று நின்றால் கிரவுண்டு லூப். அந்தக் கேபிளின் வெளிப்பின்னல் மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தாவி, எங்கேயோ ஒரு ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வருகிறது. அந்த எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் ஒரே அளவில் இருக்காது. வித்தியாசம் உங்கள் ஆடியோ ஒயர் வழியாக ஓடி 50 ஹெர்ட்ஸில் முனகுகிறது. சில வீடுகளில் அந்த ஒயரைத் தொட்டாலே சுருக்கென்று இருக்கும். அப்படியானால் முதலில் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். நல்ல தீர்வு ஆப்டிகல் ஒயர். வெளிச்சம் மட்டும் போவதால் லூப்பே கிடையாது. அந்த வசதி இல்லாத செட்டுக்கு ஆடியோ ஒயரின் நடுவில் மாட்டும் கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் கிடைக்கிறது.

மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டினால் சத்தம் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். நிற்கவும் செய்யும். உள்ளே ஒயர் உரசிய அன்றைக்குப் பெட்டியே ஷாக் அடிக்கும். செய்யாதீர்கள். இன்னொன்று: ‘உம்’ இல்லாமல் ‘கிர்ர்’ என்று சன்னமாக வந்து, ஃபேன் வேகத்தை மாற்றினால் அதுவும் மாறுகிறது என்றால் குற்றவாளி ஃபேன் ரெகுலேட்டர். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகை, செட்டில் குறையில்லை.

“ஆன் ஆகி ரெண்டு செகண்டுல ‘புரொடெக்ட்’னு வந்து அணைஞ்சுடுது.”

ஸ்பீக்கர் ஒயர்களைப் பாருங்கள். முறுக்கிச் சொருகிய இடத்தில் தலைமுடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். பவரைப் பிடுங்கி, எல்லா ஸ்பீக்கரையும் கழற்றி ஆன் செய்யுங்கள். அணையாமல் நின்றால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள், ஒவ்வொரு தரமும் பவரை அணைத்துவிட்டு. ஸ்பீக்கரே இல்லாமலும் வந்தால் அவுட்புட் ஐசி போயிருக்கிறது. வீட்டில் நோண்டும் வேலை இல்லை.

“வீடு மாத்தினோம். அதே செட், அதே ஸ்பீக்கர். பேஸ் மட்டும் காணோம்.”

ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது, பேஸ் அங்கேயே செத்துவிடும். ஒயரில் நிறம் தெரியாவிட்டால் சுவர்க்கடிகார பேட்டரி, 1.5 வோல்ட், போதும். ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றி, ஒரு நொடி பேட்டரியில் தொடுங்கள். கோன் வெளியே வந்தால் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

“உதடு முன்னாடி அசையுது, சத்தம் பின்னாடி வருது.”

புளூடூத்தில் இணைத்திருக்கிறீர்களா? அதுதான். ஒயருக்கு மாறுங்கள். ஒயரிலும் பின்தங்கினால் ‘ஆடியோ டிலே’ அல்லது ‘லிப் சிங்க்’ என்ற செட்டிங்கைச் சைபராக்குங்கள். நேர்மாறாகச் சத்தம் முந்தினால், படத்தை அழகுபடுத்த டிவி நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். டிலேயை 40 மில்லி செகண்டாக ஏற்றுங்கள். அது கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம்.

“பென்டிரைவ்ல படம் ஓடுது, சத்தம் இல்லை. சில படம் ஓடவே இல்லை.”

படம், சத்தம் இரண்டையும் தனித்தனி முறையில் சுருக்கி ஒரே ஃபைலில் போடுகிறார்கள். சத்தம் டிடிஎஸ் என்ற முறையில் இருந்து, செட்டுக்கு அது புரியாவிட்டால் ஊமைப்படம்தான். எச்இவிசி என்ற சுருக்கும் முறை 2013-ல் வந்தது. அதற்கு முந்திய பிளேயருக்கு அது அந்நிய மொழி. பென்டிரைவையே காட்டவில்லை என்றால் ஃபேட்32-ல் ஃபார்மட் செய்யுங்கள், உள்ளே இருப்பதை முதலில் காப்பி எடுத்துவிட்டு. அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்ற முடியாது.

“ரிமோட் வேலை செய்யல. ரிமோட்டா, செட்டான்னு எப்படித் தெரியும்?”

செல்போனின் முன்கேமராவில் ரிமோட்டின் மூக்கைக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். ஊதாவாக மின்னினால் ரிமோட் நல்லது.

“சிவப்பு லைட் எரியுது, ஆன் ஆகவே மாட்டேங்குது. போர்டு போச்சுன்னு சொல்றாங்க.”

போர்டு மாற்றச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். பவர் சப்ளையில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டையாக இருக்க வேண்டியது பொங்கல் பானை மாதிரி உப்பியிருந்தால் காரணம் அதுதான். சில ரூபாய்ச் சாமான், 105 டிகிரி தாங்கும் வகையாகப் பார்த்துப் போட்டால் வருஷக்கணக்கில் ஓடும். நீங்களே கை வைக்காதீர்கள்: 230 வோல்ட் கரண்ட் உள்ளே போய் 325 வோல்ட் டிசியாகப் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். திறந்தால் சில சமயம் கெப்பாசிட்டர் நன்றாக இருக்கும். இரண்டு முனைக்கு நடுவில் கருகிய பல்லி கிடக்கும். அது சூட்டுக்காகப் போய்ப் படுப்பது.

“இடி இடிச்ச மறுநாள்ல இருந்து எச்டிஎம்ஐ மட்டும் வேலை செய்யல. ஸ்டெபிலைசர் போட்டிருந்தேனே?”

கரண்ட் வழியாக வரவில்லை, கேபிள் டிவி ஒயர் வழியாக வந்திருக்கும். சப் ஊஃபர் பதிலில் சொன்ன அதே ஒயர்தான். ஐப்பசி கார்த்திகையில் மேகம் கறுத்தால் பிளக்கோடு அந்த ஒயரையும் கழற்றிப் போடுங்கள். போன எச்டிஎம்ஐயைச் சரி செய்வது எல்லா மாடலிலும் முடியாது. பிளேயரில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டை இருந்தால் அதில் காலத்தை ஓட்டலாம்.

“அமெரிக்காவுல இருந்து பையன் கொண்டு வந்த செட். அப்படியே சொருகலாமா?”

பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்த பிறகு. ‘100–240’ என்றால் பிளக் அடாப்டர் மட்டும் போதும். ‘120’ என்று மட்டும் இருந்தால் வாட்டேஜ் தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தனி பிளேயர்கள் பல முதல் வகை, பெரிய ஆம்ப்புகளில் பல இரண்டாவது வகை. சிங்கப்பூர், மலேசியாச் செட்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

“கல்யாண டிவிடி நடுவுல சிக்குது. அந்த ஒரு காப்பிதான் இருக்கு. என்ன பண்றது?”

பிளேயரில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். டூத்பேஸ்ட்டும் வேண்டாம். ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துக் காயவையுங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே போகும் வரிசையில் எழுதப்படுகிறது. அதனால் கல்யாண வீடியோவின் கடைசிப் பகுதி ஓரத்தில் இருக்கும், விரல் படுவதும் அங்கேதான். பாதிச் சிக்கல் துடைத்ததிலேயே போய்விடும்.

போகாவிட்டால் கம்ப்யூட்டர் டிரைவில் போட்டு, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் இமேஜாக எடுங்கள். படிக்க முடியாத இடத்தைத் தாண்டி மற்றதை முதலில் எடுத்துவிட்டு, விட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதெது விட்டுப்போனது என்று குறித்தும் வைக்கும். இங்கேயும் ‘மாற்றிப் பார்ப்பது’தான்: அதே குறிப்போடு வேறொரு டிரைவில் தொடர்ந்தால் இது படிக்காததை அது படிக்கும். போன மாதம் ஒரு 2006-ம் வருஷ டிஸ்க்கை மூன்று டிரைவில் இப்படி எடுத்தேன். இரண்டாவதில் ஊஞ்சல் வந்தது, மூன்றாவதாக ஒரு பழைய லேப்டாப் டிரைவில் முகூர்த்தம் வந்தது. கெட்டிமேளம் நடுவில் சில விநாடி மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அதற்குமேல் எடுக்க முடியவில்லை என்று சொல்லித்தான் கொடுத்தேன்.